பனிப்பூச்சு இருந்தும் கேமியோ கிடைக்காதது ஏன்?

வாசகர் கேள்வி, 2022 நவம்பர் 5

என்னிடம் 1957ஆம் ஆண்டின் ப்ரூஃப் (சேகரிப்போருக்கெனத் தனியாக அச்சிட்ட) ஃபிராங்க்ளின் அரை டாலர், அமெரிக்க நாணயம், ஒன்று இருக்கிறது. ஃபிராங்க்ளினின் முகம் மாவு தூவியது போல வெளுத்தும், சுற்றியுள்ள தளம் கண்ணாடி போலக் கறுத்தும் தெரிகின்றன. தரமிட அனுப்பினேன். பி.ஆர். 67 (ப்ரூஃப், தர எண் 67) என்று மட்டும் எழுதித் திரும்பி வந்திருக்கிறது. வெளுத்த உருவமும் கறுத்த தளமும் நன்றாக வேறுபடும் நாணயத்துக்குத் தரும் கேமியோ என்ற சொல்லே இல்லை. அந்த வெண்மை, அதாவது பனிப்பூச்சு, கண்ணெதிரே இருக்கும்போது கேமியோ எப்படி இல்லாமற்போகும்? மறுபக்கத்தில் உள்ள சுதந்திர மணியின் உருவத்துக்கும் இடப்புறச் சிறிய எழுத்துகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அதைக் கீறல் என்று எண்ணித்தான் குறைத்துவிட்டார்களோ என்றும் ஐயமாக இருக்கிறது.

நவம்பர் 5, இரவு

எண்ணும் கேமியோவும் இரண்டு தனித்தனி அளவுகோல்கள். 60 முதல் 70 வரையிலான எண், நாணயம் நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்கிறது: துடைத்ததால் விழுந்த மயிரிழைக் கீறல்கள், புள்ளிகள், விரல் பட்ட தடம், பக்கத்து நாணயம் உரசிய இடம். பனிப்பூச்சுக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு அச்சு எந்த நிலையில் இருந்தபோது இந்த நாணயம் பிறந்தது என்பதைச் சொல்கிறது. அதற்கு மூன்றே படிகள்தான். ஒன்றும் எழுதாமல் விட்டால் சாதாரணப் பளபளப்பு. அதற்கு மேல் கேமியோ. அதற்கும் மேல், தரமிடும் நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். டீப் கேமியோ என்றும் என்.ஜி.சி. அல்ட்ரா கேமியோ என்றும் எழுதுவது. ஆகவே உங்கள் சீட்டில் கேமியோ இல்லையென்றால் பனிப்பூச்சே இல்லை என்று பொருளாகாது. இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தப் படியைத் தொடவில்லை என்றே பொருள். இரண்டு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியது முழுவதும் முகத்தைப் பற்றித்தான் இருக்கிறது. மணிப்பக்கத்தின் படத்தை அனுப்புங்கள்.

நவம்பர் 6

நேற்று இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பது போல எழுதிவிட்டேன். விதிப்படி அது சரி. நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை.

என்னிடம் 1962ஆம் ஆண்டு நாணயம் ஒன்று உண்டு. பனிப்பூச்சு தடிப்பாக, தலைமுடியின் மடிப்புகளுக்குள்ளும் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. ஆனால் கண்ணுக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பளபளப்பான புள்ளி இருக்கிறது. எதுவோ மெல்லத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். உலோகம் பள்ளமாகக்கூட இல்லை. வெளுத்த கன்னத்தில் அந்தப் புள்ளி ஒரு விளக்கைப் போல எரிகிறது. அந்த நாணயம் பி.ஆர். 65 கேமியோ. அதே தொடுகை, முகமும் தளமும் ஒருசேரப் பளபளக்கும் நாணயத்தில் நேர்ந்திருந்தால் லூப் எனும் உருப்பெருக்கியை வைத்துத் தேடினாலும் அகப்பட்டிருக்காது. தளத்திலும் இதுவே கதை. ஆழமான கண்ணாடித்தளம் ஒரு மயிரிழைக் கீறலைக்கூட ஒளித்துவைக்காது. ஆக, நல்ல பனிப்பூச்சு எண்ணை உயர்த்தும் என்று பல ஆண்டுகள் நான் நம்பியிருந்தது தவறு. 67, 68 என்ற உயரத்தில், வேறுபாடு மிகுந்த நாணயம்தான் கடினமான சோதனைக்கு உள்ளாகிறது என்பது என் இப்போதைய கருத்து. கண்ணுக்கு விருந்தான நாணயத்துக்கு ஐயத்தின் பலன் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் உண்மையே, ஆனால் குறை மறைவதற்கு அது போதாது.

நவம்பர் 8

முகத்தில் மாவு தூவியது போன்ற அந்த வெண்மை எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றவை தானாகவே புரியும்.

1950களில் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை ப்ரூஃப் அச்சுகளை அமிலக் கரைசலில் ஊறவைத்தது. அமிலம் அச்சின் முகம் முழுவதையும் நுண்ணியதாக அரித்துச் சொரசொரப்பாக்கும். பிறகு அச்சின் தட்டையான பகுதியை மட்டும் கண்ணாடியாகும் வரை மெருகிட்டார்கள். ஃபிராங்க்ளினின் முகமும் மணியும் அச்சில் குழிவாக இருப்பதால் மெருகிடும் கருவி அங்கே இறங்காது. குழிக்குள் சொரசொரப்பு அப்படியே தங்கிவிடும். மெருகிட்ட வெற்று வெள்ளி வில்லையை அந்த அச்சுகளுக்கு நடுவே வைத்துக் குறைந்தது இரண்டு முறை அழுத்தும்போது, வெள்ளி குழிக்குள் பாய்ந்து அந்தச் சொரசொரப்பின் படியை எடுத்துக்கொள்கிறது. அதுதான் பனிப்பூச்சு. ஆகவே அது மேலே பூசிய பூச்சே இல்லை. பூச்சு என்ற சொல் நம் வசதிக்காக வந்தது. கோடிக்கணக்கான நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது.

சிக்கல் அடுத்த கணமே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை வெள்ளி குழிக்குள் பாயும்போதும் அந்தச் சொரசொரப்பைத் தேய்த்துக்கொண்டே போகிறது. ஒரு புதிய அச்சில் விழும் முதல் சில பத்து நாணயங்கள் பனிக்கட்டியைச் செதுக்கியது போல இருக்கும். போகப்போக வெண்மை மெலிந்து, பின்னர் முகமும் தளமும் ஒரே பளபளப்பாகிவிடும். இடையில் அச்சை எடுத்துத் தளத்துக்கு மறுபடி மெருகிடலாம், கண்ணாடி திரும்பி வரும். குழிக்குள் தேய்ந்த சொரசொரப்பு அதனால் திரும்பாது. அமிலத்தில் மீண்டும் ஊறவைத்தால்தான் உண்டு.

முகத்துக்கு ஓர் அச்சு, மறுபக்கத்துக்கு ஓர் அச்சு. இரண்டும் ஒரே நாளில் புதிதாகப் பொருத்தப்படுவதில்லை. முகத்தின் அச்சு தேய்ந்து மாற்றப்பட்டிருக்கும், மணியின் அச்சு பழையதாகவே தொடரும். அப்படிப் பிறந்த நாணயத்துக்கு முகம் வெள்ளை, மணி பளபளப்பு. உங்களுடையது இந்த வகையாக இருக்குமோ என்பதே என் முதல் ஐயம்.

நவம்பர் 9

1957இல் 12,47,952 ப்ரூஃப் தொகுப்புகள் விற்கப்பட்டன, 1950இல் 51,386தான். ஏழே ஆண்டுகளில் இருபத்துநான்கு மடங்கு. தொகை பெருகியது என்பதற்காக ஓர் அச்சில் விழும் முதல் சில பத்து பெருகிவிடாது, அச்சுகளின் எண்ணிக்கை பெருகினால்தான் அதுவும் பெருகும். அதனால்தான் 1957ஆம் ஆண்டு ப்ரூஃப் மலிவாகக் கிடைக்கிறது, அதிலேயே டீப் கேமியோ தேடினால் கையைக் கடிக்கிறது.

நவம்பர் 12

படங்கள் கிடைத்தன. நன்றாக எடுத்திருக்கிறீர்கள், அதுவே எனக்குக் கவலை தருகிறது. உங்கள் படத்தில் இரண்டு பக்கமும் கேமியோவாகத்தான் தெரிகின்றன. ஆனால் தளம் மைக்கறுப்பாக இருக்கும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய எனக்குத் துணிவில்லை.

கண்ணாடி தனக்கென ஒரு நிறம் இல்லாதது. எதிரில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கேமராவைச் சுற்றி இருட்டாக்கிவிட்டால் தளம் இருட்டைக் காட்டும், முகம் விளக்கின் ஒளியைச் சிதறடித்து வெளுக்கும். பனிப்பூச்சு அரைகுறையாக இருந்தாலும் அந்த அமைப்பில் வெளுப்பாகவே தெரியும். அதே நாணயத்தைக் குழல்விளக்கின் கீழே, வெள்ளைக் கூரை உள்ள அறையில் பாருங்கள்: தளம் கூரையைக் காட்டி வெளுத்துப்போகும், வேறுபாடு பாதி கரைந்துவிடும். நாணயத்தைச் சாய்த்து விளக்கின் பிம்பம் நேரே கண்ணில் விழும்படி செய்தால் தளம் பளீரென்றும், அதனெதிரே முகம் கறுத்தது போலவும் தலைகீழாகத் தெரியும். மூன்றும் ஒரே நாணயம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விற்பனையாளரிடம் படத்தை மட்டும் பார்த்து, ஸ்லாப் (தரமிட்டவர்கள் மூடி முத்திரையிடும் பிளாஸ்டிக் உறை) இல்லாத 1959ஆம் ஆண்டு நாணயத்தை டீப் கேமியோ விலைக்கு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்து மேசை விளக்கில் காட்டியபோது முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. மணியின் அடிவிளிம்பு முழுவதும் ஈரம் பட்டது போல மினுங்கியது. படத்தில் பொய் எதுவும் இல்லை. எடுத்த கோணம் அப்படி. அன்றிலிருந்து ஒரே விளக்கு, மேசையில் கறுப்புத் துணி, நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஒரு முழுச் சுற்று, இதைச் செய்யாமல் நான் வாங்குவதில்லை. உண்மையான பனிப்பூச்சு எந்தக் கோணத்திலும் வெண்மையாகவே நிற்கும். மெலிந்த இடம் ஏதாவது ஒரு கோணத்தில் கண்ணைச் சிமிட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சாய்த்துச் சாய்த்து ஒரு காணொளி எடுத்து அனுப்ப முடியுமா? மணியின் மேற்பகுதியில் உள்ள சிறிய எழுத்துகளையும், அடிவிளிம்பையும் நெருங்கி எடுங்கள்.

நவம்பர் 13

காணொளி வரும்வரை இன்னொரு சாத்தியத்தையும் சொல்லிவைக்கிறேன். வேறுபாடு இரண்டு பக்கத்திலிருந்தும் குறையலாம்: முகத்தின் வெண்மை குறைந்தும் குறையலாம், தளத்தின் கறுப்பு குறைந்தும் குறையலாம். நாம் எல்லோரும் முதலாவதையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நாளில் ஒரு ப்ரூஃப் தொகுப்பின் விலை 2 டாலர் 10 சென்ட். 1955இன் நடுப்பகுதி வரை ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனிச் செலோஃபேன் உறையில் இட்டு, உறைகளைச் சேர்த்து ஸ்டேப்ளர் கம்பி அடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பிறகு ஐந்து நாணயங்களையும் ஒரே பிளாஸ்டிக் தாளில் வைத்து ஒட்டித் தட்டையான கடித உறையில் அனுப்பினார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் அதைப் பிரிக்கவே இல்லை. அந்தத் தாளுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்த நாணயத்தின் தளத்தில் மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு மெல்லிய மங்கல் படியும். மங்கல் படிந்த கண்ணாடி கறுக்காது, சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். முகத்தின் வெண்மை அச்சிலிருந்து விழுந்தபடியே இருந்தாலும், எதிரில் கறுப்பு இல்லாமல் வேறுபாடு ஏது?

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் அசிட்டோன். சுத்தமான அசிட்டோன் வெள்ளியைத் தொடாது. பிளாஸ்டிக் எச்சத்தையும் எண்ணெய்ப் பசையையும் கரைக்கும். பனிப்பூச்சுக்கும் அதனால் கேடில்லை. ஆனால் கந்தகம் பட்டு வந்த நிறமாற்றத்தை அது அசைக்காது. அதற்கென விற்கும் அமிலக் கரைசல் நிறத்தோடு சேர்த்து வெள்ளியின் ஓர் இம்மி அடுக்கையும் எடுத்துக்கொண்டு போகும். ஒருமுறை கண்ணுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப முக்கினால் கண்ணாடியும் மங்கும், பனிப்பூச்சும் உயிரிழந்து சுண்ணாம்பு போலாகும்.

என்னிடம் இருந்த 1961ஆம் ஆண்டு நாணயம் இப்படித்தான் கெட்டது, கரைசலால் இல்லை, என் கையால். அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன், மங்கல் முழுவதும் போய்த் தளம் கிணற்றுநீர் போலத் தெளிந்தது. ஓரத்தில் ஒரு துளி ஈரம் நின்றது. பஞ்சை எடுத்து ஒரே ஒரு முறை மெல்ல ஒற்றினேன். ஒற்றியதாகத்தான் நினைத்தேன், இழுத்திருக்கிறேன். விளக்கில் காட்டியபோது தேதிக்கும் விளிம்புக்கும் நடுவே பதினைந்து இருபது மயிரிழைக் கீறல்கள் இணையாக மின்னின. வேறுபாடு மேலேறிய அதே நிமிடத்தில் எண் கீழே இறங்கிவிட்டது. அதை இன்றும் விற்காமல் வைத்திருக்கிறேன். யாராவது நாணயத்தைத் துடைக்கலாமா என்று கேட்டால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

உங்கள் நாணயம் ஸ்லாபுக்குள் இருக்கிறது, எனவே இதில் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். மங்கல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நவம்பர் 19

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: தம்மிடம் உள்ள 1980களின் ப்ரூஃப் நாணயங்கள் எல்லாம் டீப் கேமியோவாக இருக்கின்றன, அப்படியானால் 1957இல் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு என்று.

கண்டிப்பு ஒன்றுதான், அச்சுகள்தாம் வேறு. ப்ரூஃப் வேலை 1968இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1970களின் தொடக்கத்தில் அச்சின் குழிவுகளை மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, மேலே குரோமியம் முலாம் பூசத் தொடங்கினார்கள். முலாமின் கடினத்தால் சொரசொரப்பு எளிதில் தேய்வதில்லை. முதல் நாணயமும் கடைசி நாணயமும் ஏறக்குறைய ஒரே வெண்மையோடு வருகின்றன. அந்த நாணயங்களில் டீப் கேமியோ இருப்பது இயல்பு, இல்லாவிட்டால்தான் ஏனென்று கேட்க வேண்டும்.

பின்னோக்கிப் போனால் வேறு விதம். 1902 முதல் பல ஆண்டுகள் நாணயச்சாலை அச்சின் குழிவுகளையும் சேர்த்தே மெருகிட்டது. அதனால் அந்தக் காலத்து பார்பர் அரை டாலர் ப்ரூஃப்களில் முகமும் தளமும் ஒருசேர மின்னும், கேமியோ அரிது. 1909 முதல் 1916 வரையிலான லிங்கன் சென்ட்டின் மேட் ப்ரூஃப்களில் கண்ணாடித்தளமே கிடையாது, ஆகவே கேமியோ என்ற கேள்வியே எழாது. உலோகமும் ஒரு காரணம். 1950களின் ஐந்து சென்ட் நாணயத்தில் நால்பங்கில் ஒரு பங்கு நிக்கல். வெள்ளியைவிடக் கடினமான அந்தக் கலவை அச்சை விரைவில் தின்றுவிடுகிறது. ஒரே தொகுப்பில் அரை டாலர் கேமியோவாகவும், பக்கத்தில் உள்ள ஜெஃபர்சன் ஐந்து சென்ட் வெறும் பளபளப்பாகவும் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு சீட்டில் உள்ள டீப் கேமியோ என்ற சொல்லை ஆண்டைப் பார்க்காமல் படிக்கக் கூடாது. 1985க்கு அது பிறவிக் குணம். 1957க்கு அது, அச்சு புதிதாக ஏறிய அந்தச் சில நிமிடங்களின் சாட்சி.

நவம்பர் 26

காணொளி கிடைத்தது. நான்கு முறை பார்த்தேன். இரண்டு விஷயங்களைத் திருத்திக்கொள்கிறேன்.

முதலாவது, மங்கல் இல்லை. தளம் தெளிவாக இருக்கிறது. 13ஆம் தேதி நான் எழுதியது உங்கள் நாணயத்துக்குப் பொருந்தாது. முகத்தின் பக்கம் கேமியோவேதான், அதில் எனக்கு ஐயமில்லை. மணிப்பக்கம், பதினோராவது நொடியில் நீங்கள் இடப்புறம் சாய்க்கும்போது, மணியின் அடிவிளிம்பில் உள்ளங்கை ரேகை போல ஒரு பளபளப்பு ஓடி மறைகிறது. மணியின் நடுவயிற்றிலும் வெண்மை திட்டுத்திட்டாக இருக்கிறது. தரமிட்டவர்கள் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேமியோவாக இருக்கும் நாணயத்துக்கு என்.ஜி.சி. சிலவேளை எண்ணின் அருகே நட்சத்திரக் குறி தருவதுண்டு. கேமியோ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். நலிந்த பக்கமே தீர்ப்பைச் சொல்கிறது.

இரண்டாவது, அந்தக் கோடு. அது கீறல் இல்லை. கீறல் என்றால் உலோகம் பள்ளமாகியிருக்கும், ஒளி ஒரு பக்கமாகச் சாயும்போது உள்விளிம்பு மின்னும். உங்கள் கோடு மேடாக நிற்கிறது, அதன் நிழல் தளத்தின்மேல் விழுகிறது. அச்சை மெருகிட்டபோது அச்சில் விழுந்த கீறல், நாணயத்தில் மேடாகப் பதிந்திருக்கிறது. அது நாணயத்தோடு பிறந்தது. அதற்காக எண்ணைக் குறைப்பது வழக்கமில்லை. 67 என்பது அதனால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, முகத்தில் காதுக்கு முன்னால் தெரியும் இரண்டு மூன்று மயிரிழைகளால் வந்திருக்கலாம்.

கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்குப் பழக்கமானது போலத் தோன்றியது. எழுந்துபோய் என் பெட்டியைத் திறந்தேன்.

நவம்பர் 27

அதே கோடுதான். என் 1957, பி.ஆர். 66 கேமியோ. அதே இடம், அதே சாய்வு, நடுவில் அதே சிறு வளைவு. இரண்டு நாணயங்களின் மணிப்பக்கமும் ஒரே அச்சில் விழுந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவற்றில் இரண்டு உடன்பிறப்புகள் இத்தனை ஆண்டுகள் கழித்து அடையாளம் கண்டுகொண்டதில் எனக்குள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

என்னுடையதில் மணியின் அடிவிளிம்பு எப்படிச் சாய்த்தாலும் வெண்மையாக நிற்கிறது. மேற்பகுதியில் உள்ள, மணியை வார்த்தவர்களின் பெயரான 'பாஸ் அண்டு ஸ்டோ' என்ற எழுத்துகளின் ஓரங்களில்கூட வெண்மை உதிரவில்லை. எண்ணில் உங்களுடையது ஒரு படி மேலே, வேறுபாட்டில் என்னுடையது ஒரு படி மேலே. என்னுடையது முன்னால் பிறந்து, கொஞ்சம் அடிபட்டது. உங்களுடையது பின்னால் பிறந்து, நல்ல கையில் வளர்ந்தது.

ஸ்லாபை உடைத்து மறுபடி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மணிப்பக்கம் மாறப்போவதில்லை, உடைக்கும்போது நாணயத்துக்கு ஏதாவது நேரலாம். கேமியோதான் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொண்டே இன்னொன்றைத் தேடுங்கள்.

அதே நாள், மாலை

என்னுடையது முன்னால் பிறந்தது என்று காலையில் உறுதியாக எழுதியதற்கு ஆதாரம் வெண்மை ஒன்றே. இடையில் அந்த அச்சை மறுபடி அமிலத்தில் இட்டிருந்தால் என் கணக்கு தலைகீழாகியிருக்கும் என்ற எண்ணம் மதியச் சாப்பாட்டின்போது வந்து உறுத்தியது. எனவே இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் நாணயத்தில் அந்தக் கோடு மணியின் விளிம்பில் தொடங்கிச் சிறிய எழுத்துகளைத் தொடும்வரை அறுபடாமல் போகிறது. உங்களுடையதில் வளைவைத் தாண்டியதும் மெலிந்து, எழுத்துகளை எட்டுவதற்கு முன்பே தளத்தில் கரைந்துவிடுகிறது. அச்சு தேய்ந்தாலும், மறுபடி மெருகிட்டாலும் கோடு குறுகத்தான் செய்யும், நீளாது. முன்பின் வரிசை சரிதான்.

ஸ்லாபோடு சேர்த்து அந்த இடத்தை மட்டும் பெரிதாக எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள். இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி வைக்க விரும்புகிறேன்.